பவுத்திரம்: கத்திக்கு முன்னால் ஒரு வரைபடம்

பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவரில், மின்சார ரயில் பெட்டியின் கதவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். "மூலம், பவுத்திரம், விரைவீக்கம். ஆபரேஷன் இல்லாமல் குணம்." சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். மூலம் என்னவென்று தெரியும். விரைவீக்கம் பெயரிலேயே புரிந்துவிடும். நடுவில் இருக்கிற பவுத்திரம் என்னவென்று நாற்பத்து நான்கு வயது வரை ஒரு நாள்கூட யோசித்ததில்லை. யோசிக்க வேண்டிய நிலைமை வந்தது.

ஆசனவாய்க்குப் பக்கத்தில் ஒரு கட்டி. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிற ஆள், சூட்டுக் கட்டி என்று விட்டுவிட்டேன். நாலாம் நாள் காய்ச்சல், உட்கார முடியவில்லை. ஆறாம் நாள் ராத்திரி அதுவே உடைந்து சீழ் வந்தது, வலி பட்டென்று அடங்கியது. ஒழிந்தது சனியன் என்று தூங்கிவிட்டேன். ஆனால் மூன்று மாதம் ஆகியும் உள்ளாடையில் கறை நிற்கவில்லை. வீட்டில் சொல்லவே அவ்வளவு நாள் ஆச்சு. "இத்தனை நாளா எதுக்குங்க மூடி வச்சிருந்தீங்க?" என்று மனைவி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

முதலில் போன மருத்துவமனையில் "சின்ன ஃபிஸ்டுலாதான், அரை மணி நேர வேலை" என்றார்கள். ஸ்கேன் எதுவும் எடுக்கவில்லை. ஆபரேஷன் முடிந்தது, ஆறு வாரத்தில் புண் ஆறியது, நானும் மறந்தேன். ஐந்தாவது மாதம் அதே இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி கட்டி. அப்போதுதான் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து நிதானமாகப் படித்தேன். ஆபரேஷன் குறிப்பின் மூன்றாவது வரியில் இருந்தது: உள்துளை தென்படவில்லை.

அந்தச் சொற்களுக்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது. இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான். நான் டாக்டர் இல்லை. பிஇ படித்துவிட்டு இருபது வருஷமாகப் பக் தேடிப் பிழைக்கிறவன். எனக்கு வந்த நோயைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்தேன், படித்ததை எழுதுகிறேன். உங்கள் வைத்தியத்தை உங்கள் டாக்டரிடம்தான் முடிவு செய்யவேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது

ஆசனக் குழாய் ஏறக்குறைய 4 செ.மீ. நீளம். அதைச் சுற்றி இரண்டு அடுக்குத் தசை, ஒரு பைப்புக்குள் இன்னொரு பைப் செருகின மாதிரி. உள் சுருக்குத்தசை நம் பேச்சைக் கேட்காது. தானாகவே இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும், தூங்கும்போதும். வெளிச் சுருக்குத்தசை நம் கட்டுப்பாட்டில் இருப்பது. மீட்டிங் நடுவில் வயிறு கலக்கும்போது அடக்கிக்கொள்ள உதவுவது அதுதான்.

குழாயின் நடுவாக்கில் ஒரு நெளிகோடு. பல்வரிசை மாதிரி இருப்பதால் டென்டேட் கோடு என்கிறார்கள். அந்தக் கோட்டை ஒட்டிச் சின்னச் சின்னப் பைகள், அந்தப் பைகளுக்குள் திறக்கிற சுரப்பிகள். இந்தச் சுரப்பிகளில் சில உள்தசையைத் துளைத்துக்கொண்டு இரண்டு தசைகளுக்கும் இடையில் இருக்கிற சந்து வரை போகின்றன. அங்கே ஒன்று அடைத்துக்கொண்டு சீழ் பிடித்தால் ஆரம்பித்தது கதை. சீழுக்கு வெளியேற வழி வேண்டும். சந்து வழியாக நேராகக் கீழே இறங்கித் தோலுக்கு வரலாம். வெளித்தசையைத் துளைத்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கிற கொழுப்புப் பகுதிக்குப் போய் அங்கிருந்து தோலுக்கு வரலாம். அபூர்வமாக மேலே ஏறிச் சுற்றிக்கொண்டும் வரலாம்.

உடைந்தோ கீறிவிட்டோ சீழ் வெளியேறிய பிறகு, சிலருக்கு எல்லாம் ஆறிவிடுகிறது. ஏறக்குறைய மூன்றில் ஒருவரிலிருந்து பாதிப்பேர் வரைக்கும் அந்த வழி மூடாமல் நிரந்தரப் பாதையாகிவிடுகிறது. குழாய்க்குள் ஒரு வாய், தோலில் ஒரு வாய், நடுவில் ஒரு சுரங்கம். அதுதான் பவுத்திரம். உள்வாய் திறந்திருக்கும் வரை கிருமி போய்க்கொண்டே இருக்கும். ஆயின்மென்ட் தடவினாலும், ஆன்டிபயாடிக் சாப்பிட்டாலும், வெளித்துளை மூடினாற்போலத் தெரியும், நாலு வாரத்தில் மறுபடி உடையும். என் தொழிலில் இது தினசரி பார்க்கிற விஷயம். லாக் ஃபைலில் எர்ரர் தெரிகிற வரி ஒன்று, அதைக் கிளப்பிவிட்ட வரி எங்கோ வேறொன்று. முதல் ஆபரேஷனில் எனக்கு எர்ரர் தெரிந்த வரியை மட்டும் அழித்திருக்கிறார்கள்.

இந்தச் சுரங்கங்களை முறையாக வகைப்படுத்தியவர் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் ஆலன் பார்க்ஸ். 400 நோயாளிகளைப் பார்த்து 1976இல் அவரும் சகாக்களும் எழுதிய கட்டுரையைத்தான் இன்னும் எல்லா சர்ஜன்களும் மேற்கோள் காட்டுகிறார்கள். அளவுகோல் ஒன்றே ஒன்று, சுரங்கம் தசையை எப்படிக் கடக்கிறது. தசைகளுக்கு நடுவிலேயே இறங்குவது 45 சதவீதம், வெளித்தசையைத் துளைத்துப் போவது 30, தசைக்கு மேலே ஏறிக் கவிழ்ந்து இறங்குவது 20, சுருக்குத்தசைகளுக்கு முற்றிலும் வெளியே மலக்குடலிலிருந்து வருவது 5. இந்த எண்களை அப்படியே ஊருக்கெல்லாம் பொருத்தக் கூடாது. செயின்ட் மார்க்ஸ் கஷ்டமான கேஸ்கள் போய்ச் சேருகிற இடம். சாதாரண மருத்துவமனையில் எளிய வகைகளே அதிகம் வரும்.

சும்மா இல்லை, அந்த ஆஸ்பத்திரி ஆரம்பித்ததே இதற்காகத்தான். 1835இல் ஃபிரெடரிக் சால்மன் என்ற சர்ஜன், பவுத்திரத்தால் அவதிப்படும் ஏழைகளுக்காக ஏழு படுக்கைகளோடு தொடங்கினார். 1841இல் அவரிடம் இதே ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் ஒருவர் சார்லஸ் டிக்கன்ஸ். மயக்க மருந்து புழக்கத்துக்கு வருவதற்கு ஐந்து வருஷம் முன்னால்!

குணமா, கட்டுப்பாடா

சுரங்கத்தை நீளவாக்கில் வெட்டித் திறந்து, வாய்க்கால் மாதிரி விட்டுவிட்டால் அடியிலிருந்து சதை வளர்ந்து ஆறிவிடும். ஃபிஸ்டுலாட்டமி என்பது இதுதான். தாழ்வான, கிளை இல்லாத பவுத்திரத்துக்கு இதைவிட நல்ல வைத்தியம் இன்று வரை வரவில்லை, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆறுகிறது. பதினான்காம் நூற்றாண்டில் ஜான் ஆர்டெர்ன் என்ற ஆங்கிலேய சர்ஜன் 1376 வாக்கில் எழுதிய நூலிலும் இதே வேலைதான். 1686 நவம்பர் 18ஆம் தேதி பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயிக்கு ஃபெலிக்ஸ் என்ற சர்ஜன் வெர்சாய் அரண்மனையில் செய்ததும் இதேதான். ராஜா மேல் கை வைப்பதற்கு முன்னால் ஃபெலிக்ஸ் மாதக்கணக்கில் மற்ற நோயாளிகளிடம் பழகிப் பார்த்தார் என்பது வரலாறு. அந்த நோயாளிகள் என்ன ஆனார்கள் என்பதை யாரும் பெரிதாக எழுதி வைக்கவில்லை.

சிக்கல் என்னவென்றால், சுரங்கத்தின் மேல் கூரையாக இருப்பது சுருக்குத்தசை. சுரங்கத்தைத் திறக்கும்போது அந்தத் தசையும் வெட்டுப்படுகிறது. கொஞ்சம் வெட்டினால் உடம்பு சமாளிக்கும். நிறைய வெட்டினால் காற்று நிற்காது, அடுத்து தண்ணீராகப் போவது நிற்காது. பெண்களுக்கு முன்பக்கம் வெளித்தசை இயல்பிலேயே குட்டை. பிரசவத்தில் அதில் கிழிசல் ஏற்பட்டு வெளியே தெரியாமலும் இருக்கலாம். அதனால் பெண்களின் முன்பக்கப் பவுத்திரத்தை வெட்டித் திறப்பதற்கு அனுபவசாலிகள் ரொம்பவே தயங்குகிறார்கள். க்ரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்கும் அப்படியே.

ஆக, தசையில் எவ்வளவு உயரத்தில் சுரங்கம் கடக்கிறது என்ற ஒரே தகவலில் ஒருவருடைய மிச்ச வாழ்க்கை தொங்குகிறது. மயக்கம் கொடுத்துப் படுக்கவைத்த பிறகு இரும்புக் கம்பியை விட்டுத் துழாவிக் கண்டுபிடிக்கலாம். காலங்காலமாக அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். கம்பி எளிதாக நுழையாத இடத்தில் அழுத்தித் தள்ளினால் இல்லாத வழியை அதுவே உண்டாக்கிவிடும் ஆபத்தும் இருக்கிறது.

கம்பிக்குத் துணையாக ஒரு பழைய கணக்கும் உண்டு. செயின்ட் மார்க்ஸைச் சேர்ந்த குட்ஸால் சொன்ன விதி. மல்லாக்கப் படுத்துக் கால்களைத் தூக்கிய நிலையில் ஆசனவாயைக் கடிகார முகமாக வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் 12 மணி, முதுகுப் பக்கம் 6 மணி. குறுக்கே ஒரு கோடு போடுங்கள். வெளித்துளை கோட்டுக்கு முன்னால் இருந்தால் சுரங்கம் நேராக உள்ளே போகும். பின்னால் இருந்தால் வளைந்துபோய் 6 மணியில் திறக்கும். முன்பக்கத் துளையே 3 செ.மீ.க்கு மேல் தள்ளி இருந்தால் அதுவும் பின்னால் வளையலாம். எனக்கு வெளித்துளை 7 மணியில். விதிப்படி உள்வாய் 6 மணியில் இருக்கவேண்டும். முதல் ஆபரேஷனில் அங்கே தேடினார்களா, தேடியும் கிடைக்கவில்லையா, எனக்குத் தெரியாது. சீழ் வற்றிய நேரத்தில் உள்வாய் சுருங்கிப்போய் ஒரு ஊசிமுனை அளவுகூட இருக்காது என்பதையும் நியாயத்துக்குச் சொல்லவேண்டும்.

ஸ்கேன் காட்டுவது

இரண்டாவதாகப் பார்த்த சர்ஜன் ஒரு பெண்மணி. விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "எம்ஆர்ஐ எடுத்துட்டு வாங்க சார். படம் பாக்காம நான் கத்தி எடுக்கறதில்ல" என்றார். எட்டாயிரத்துச் சொச்சம் ஆனது. நம் ஊர் ஸ்கேன் சென்டர்களில் இதற்கு எம்ஆர் ஃபிஸ்டுலோகிராம் என்று பெயர். பெயரைக் கேட்டதும் பயந்துவிட்டேன். ஏனென்றால் பழைய ஃபிஸ்டுலோகிராம் வேறு. வெளித்துளைக்குள் சாயத்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பது. வலி ஒருபுறம், பயனும் குறைவு. எக்ஸ்ரேயில் தசை தெரியாது. சுரங்கம் தெரிந்தாலும் அது தசையின் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்ல முடியாது. கிளைப்பாதை சீழால் அடைத்திருந்தால் சாயம் உள்ளே போகவே போகாது, கிளையே இல்லாத மாதிரி படம் வரும்.

எம்ஆர்ஐயில் எதையும் துளைக்குள் செலுத்துவதில்லை. சுரங்கத்தில் இருக்கிற சீழும் ஈரச் சதையுமே போதும். டி-2 என்ற வகைப் படத்தில் தண்ணீர் வெள்ளையாக ஒளிரும். கொழுப்பும் வெள்ளையாகத் தெரிந்து குழப்பும் என்பதால் கொழுப்பின் சிக்னலை மட்டும் அடக்கிவிடுகிறார்கள். கொழுப்பு கறுத்துவிடும், தசை மங்கலாக நிற்கும், நடுவில் சுரங்கம் மட்டும் ட்யூப்லைட் மாதிரி பளிச்சென்று எரியும். ஆறிப்போன தழும்பில் நீர் இல்லாததால் அது கறுப்பாகவே இருக்கும். தேவைப்பட்டால் கையில் கெடோலினியம் ஊசி போடுவார்கள். அதில் சீழ்த் தேக்கம் ஓரம் மட்டும் ஒளிர்ந்து நடுவில் கறுப்பாக, மோதிரம் மாதிரி தெரியும். எங்கே ஈரச்சதை, எங்கே சீழ்க் குளம் என்று பிரித்துச் சொல்ல அது உதவுகிறது.

இதில் யாரும் வெளியே பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்ததும் அதுதான். ஆசனக் குழாய் உடம்பில் செங்குத்தாக இல்லை. செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறக்குறைய 45 டிகிரி முன்னால் சாய்ந்திருக்கிறது. வழக்கமான இடுப்பு ஸ்கேன் மாதிரி உடம்பை நேர்குறுக்காக வெட்டிப் படம் எடுத்தால், குழாயைச் சாய்வாக வெட்டினதாகிவிடும். வாழைத்தண்டைச் சரிவாக நறுக்கின கதை. உள்வாய் எந்த உயரத்தில், சுரங்கம் இடுப்புத் தளத் தசைக்கு மேலா கீழா என்பதெல்லாம் அதில் தப்பாகப் படும். அதனால் முதலில் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து, குழாயின் சாய்வைப் பார்த்து, அதற்குச் செங்குத்தாக ஒரு வரிசை, இணையாக இன்னொரு வரிசை எடுக்கவேண்டும். என் சர்ஜன் ரெஃபரல் சீட்டிலேயே அதை எழுதியிருந்தார். ஒரே மெஷின், ஒரே ரேட். ஆனால் டெக்னீஷியன் கோணத்தைத் திருப்பினாரா இல்லையா என்பதில் படத்தின் மதிப்பே மாறிப்போகிறது.

மாற்றாக இன்னொன்று இருக்கிறது. ஆசனவாய்க்குள் விரல் பருமனில் ஒரு ப்ரோபை வைத்துச் சுற்றிலும் 360 டிகிரி அல்ட்ராசவுண்ட் பார்ப்பது. வெளித்துளையில் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் குமிழி கிளம்பிச் சுரங்கம் வெள்ளையாகத் தெரியும். அருமையான யோசனை. உள்வாயைக் கண்டுபிடிப்பதில் நல்ல கெட்டிக்காரன். ஆனால் ப்ரோபிலிருந்து தூரம் போகப்போகப் பார்வை மங்கிவிடும். தள்ளிப்போன கிளை தப்பிவிடலாம். 2004இல் செயின்ட் மார்க்ஸில் 104 பேரிடம் மூன்றையும் ஒப்பிட்டார்கள். பிரதான சுரங்கத்தைச் சரியாக வகைப்படுத்தியது, கைப் பரிசோதனையில் 61 சதவீதம், அல்ட்ராசவுண்டில் 81, எம்ஆர்ஐயில் 90.

அதற்கு இரண்டு வருஷம் முந்தைய ஆய்வுதான் என்னை உட்காரவைத்தது. லான்செட்டில் 2002இல் வந்தது. திரும்பத் திரும்ப வந்த பவுத்திரம் உள்ள 71 பேர். எல்லாருக்கும் எம்ஆர்ஐ, பிறகு ஆபரேஷன். ஆபரேஷனில் கண்டதும் எம்ஆர்ஐ சொன்னதும் 40 பேருக்கு ஒத்துப்போனது. அவர்களில் 5 பேருக்குத்தான் மறுபடி வந்தது, 13 சதவீதம். ஒத்துப்போகாத 31 பேரில் 16 பேருக்கு வந்தது, 52 சதவீதம். அந்த 16 பேருக்கும் நோய் திரும்பியது எங்கே தெரியுமா? எம்ஆர்ஐ முன்பே சுட்டிக்காட்டிய இடத்தில். ஆபரேஷன் டேபிளில் கண்ணும் விரலும் "இங்கே ஒன்றுமில்லை" என்று சொன்ன இடம் அது.

எல்லாருக்கும் எம்ஆர்ஐ வேண்டுமா என்றால், வேண்டாம் என்பதுதான் என் புரிதல். தோலுக்கடியில் கையால் தடவினாலே தெரிகிற, ஒரே பாதையுள்ள, முதல்முறை வந்த தாழ்வான பவுத்திரத்தை அனுபவமுள்ள சர்ஜன் ஸ்கேன் இல்லாமலே சரிசெய்துவிடுவார். திரும்பி வந்தது, துளை தள்ளி இருப்பது, துளை ஒன்றுக்கு மேல் இருப்பது, க்ரோன்ஸ் சந்தேகம், இவற்றில் ஒன்று இருந்தாலும் படம் இல்லாமல் டேபிளில் ஏறமாட்டேன். இதை நான் முதல் தடவையே கேட்டிருக்கவேண்டும். கேட்கத் தெரியவில்லை. அதைவிட, அந்த அறையிலிருந்து சீக்கிரம் வெளியே வந்தால் போதும் என்றிருந்தது.

என் ரிப்போர்ட்டில் இருந்தது இது: வெளித்துளை 7 மணி. உள்துளை 6 மணி, விளிம்பிலிருந்து 2 செ.மீ. உயரத்தில். சுரங்கம் வெளித்தசையைத் துளைக்கிறது. அங்கிருந்து இடப்பக்கம் 3 செ.மீ. நீளத்தில் ஒரு குருட்டுக் கிளை, முனையில் சின்னச் சீழ்த் தேக்கம். செயின்ட் ஜேம்ஸ் கிரேடு 4. இது இங்கிலாந்தின் லீட்ஸ் நகர மருத்துவமனை ஒன்றின் பெயரால் வழங்குகிற எம்ஆர்ஐ வகைப்பாடு. கிரேடு 1 எளியது, 5 இடுப்புத் தளத்துக்கு மேலே போனது. வலப்பக்கத் துளையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இடப்பக்கம் ஒன்று ஓடுவது அன்றுதான் தெரியும். அந்தப் பக்கம் ஒரு நாளும் வலித்ததுகூட இல்லை.

என்ன செய்வது என்ற கேள்வி

சர்ஜன் ஒரு காகிதத்தில் கடிகாரம் வரைந்து விளக்கினார். "முழுசா வெட்டித் திறந்தா ஆறிடும் சார். ஆனா வெளித்தசையில பாதிக்கு மேல போயிடும். அப்புறம் காத்து நிக்காது, லூஸ் மோஷன் வந்தா ஓடணும். தசையைத் தொடாம பண்ற வழியும் இருக்கு, அதுல திரும்பி வர சான்ஸ் அதிகம். உங்களுக்கு எது பெரிசுன்னு நீங்கதான் சொல்லணும்." இப்படி ஒரு கேள்வியை ஒரு டாக்டர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒரு வாரம் டைம் கேட்டேன்.

தசையைக் காப்பாற்றுகிற வழிகளில் ரொம்பப் பழையது நூல். சுரங்கம் வழியாக நூலை நுழைத்து வெளியே முடிச்சுப் போடுவது. செட்டான் என்பார்கள். ஹிப்போகிரட்டிஸ் பெயரில் வழங்கும் நூல்களிலேயே குதிரைமுடி சேர்த்த நூல் வருகிறது. தளர்வாகக் கட்டினால் அது வடிகால் மட்டும். பாதை மூடாமல், சீழ் தேங்காமல் பார்த்துக்கொள்ளும். குணப்படுத்தாது. இறுக்கிக்கொண்டே வந்தால் தசையை மெதுவாக அறுக்கும். மெதுவாக அறுத்தாலும் அறுப்பது அறுப்பதுதான் என்று பல சர்ஜன்கள் இப்போது அதைத் தவிர்க்கிறார்கள்.

நம் மரபில் இருப்பது க்ஷார சூத்திரம், சித்தத்தில் காரநூல். பகந்தரம் என்ற பெயரில் சுஸ்ருதர் இந்த நோயை விவரமாகச் சொல்லியிருக்கிறார். நவீன காலத்தில் இதை மீட்டெடுத்தது 1960களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் தேஷ்பாண்டேயின் குழு. லினன் நூலுக்கு இலைக்கள்ளிப் பால், நாயுருவிச் சாம்பல் உப்பு, மஞ்சள் என்று 21 பூச்சு. வாரத்துக்கு ஒருமுறை புது நூல் மாற்றுவார்கள். நோட்டீஸ் ஒட்டுகிற கூட்டத்தோடு இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே பல மையங்களில் 502 பேரிடம் சோதித்து 1991இல் வெளியிட்டது. ஆற எடுத்த காலம் நூலில் 8 வாரம், ஆபரேஷனில் 4 வாரம். ஒரு வருஷத்தில் திரும்பி வந்தது நூலில் 4 சதவீதம், ஆபரேஷனில் 11. நல்ல எண்கள்தான். ஆனால் இந்த நூலும் தான் போகிற பாதையில் உள்ள தசையை அறுத்துக்கொண்டுதான் வரும். தாழ்வான பாதைக்குச் சரி. உயரமான, கிளையுள்ள என்னுடையதற்கு வேண்டாம் என்று முடிவெடுத்தேன். அதில் யாராவது மாறுபட்டால் சண்டை போட மாட்டேன்.

அடைப்பான் என்று ஒன்று. பன்றிக் குடலின் சவ்விலிருந்து செய்த கூம்பைச் சுரங்கத்துக்குள் இழுத்துச் செருகுவது. ஆரம்பத்தில் ஆஹா ஓஹோ என்றார்கள். பிரிட்டனில் 304 பேரிடம் நடந்த ஃபியட் ஆய்வில் ஒரு வருஷத்துக்குப் பின் ஆறியது 54 சதவீதம். சர்ஜன் தனக்குப் பழக்கமான வேறு முறையைச் செய்தபோது 55. லேசர் ஃபைபரால் உள்ளிருந்து சுடுவது, சின்ன கேமராவை உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டே சுத்தம் செய்வது என்று இன்னும் இருக்கின்றன. கேமரா முறை இத்தாலியின் மெய்னேரோ கொண்டுவந்தது. நம் ஊர் விளம்பரங்களில் இப்போது லேசருக்குத்தான் மவுசு. "வலியில்லை, தையலில்லை, மறுநாளே ஆபீஸ்." திரும்பி வரும் விகிதம் மட்டும் அந்த விளம்பரத்தில் இருக்காது. கேட்டு வாங்குங்கள்.

நான் தேர்ந்தெடுத்தது லிஃப்ட். பாங்காக் சுலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்தின் அருண் ரோஜனாசகுல் 2007இல் வெளியிட்டது. இரண்டு தசைகளுக்கும் நடுவில் இருக்கிற சந்தில் தோலைக் கீறி உள்ளே போய், சுரங்கம் அந்தச் சந்தைக் கடக்கிற இடத்தைப் பிடித்து, இரண்டு பக்கமும் கட்டி நடுவில் துண்டித்துவிடுவது. தசை இழை ஒன்றும் அறுபடாது. கிருமி நுழைகிற வாய்க்குப் பக்கத்திலேயே குழாயை மூடிவிடுவதால், வெளியே மிச்சமிருக்கும் பாதை தானாக வற்றிவிடும் என்பது கணக்கு. அவருடைய முதல் 18 பேரில் 17 பேருக்கு ஆறியது. பிறகு மற்றவர்கள் செய்தபோது எண்கள் அந்த உயரத்தில் நிற்கவில்லை, பத்தில் ஆறிலிருந்து எட்டு என்று வைத்துக்கொள்ளலாம். எனக்குப் பிடித்தது வேறொரு விஷயம். லிஃப்ட் தோற்றாலும் பல நேரங்களில் மிச்சமாவது தசைகளுக்கு நடுவே இறங்குகிற எளிய பவுத்திரம்தான். அதை அப்புறம் வெளித்தசைக்குச் சேதமில்லாமல் திறந்துவிடலாம். ரோல்பேக் பண்ண முடியாத மாற்றத்தை புரொடக்‌ஷனில் போடாதே என்று ஜூனியர் பசங்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பவன் நான். வெட்டிய தசைக்கு ரோல்பேக் கிடையாது.

இரண்டு கட்டமாக நடந்தது. முதலில் இடப்பக்கக் கிளையைத் திறந்து சீழை வடித்து, பிரதான பாதையில் தளர்வான நூல். உள்ளிருந்து சுரண்டி எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நம் நாட்டில் இதை விடக்கூடாது. காசநோயும் க்ரோன்ஸும் பவுத்திரமாக வேஷம் போட்டுக்கொண்டு வரும், அப்போது எத்தனை ஆபரேஷன் செய்தாலும் மருந்து இல்லாமல் ஆறாது. எனக்கு இரண்டும் இல்லை என்று வந்தது. பதினொரு வாரம் அந்த நூலோடு ஆபீஸ் போனேன். காலையும் மாலையும் வெந்நீர் டப்பில் உட்கார்ந்து, காஜ் துணி வைத்துக்கொண்டு. டீமில் யாருக்கும் தெரியாது. பிறகு லிஃப்ட். மறுநாள் மாலை வீடு.

எட்டாவது வாரம் வெளிக்காயம் மூடியது. ஆறாவது மாதம் மறுபடி ஒரு எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார் டாக்டர். வெளியே தோல் மூடினால் மட்டும் போதாது, உள்ளே வெள்ளை எரிகிறதா என்று பார்க்கவேண்டும் என்றார். பழைய படத்தையும் புதியதையும் வியூபாக்ஸில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். 6 மணியில் வெள்ளைக் கோடு இருந்த இடத்தில் மெல்லிய கறுப்புக் கோடு. இடப்பக்கக் கிளை இருந்த இடத்திலும் கறுப்புதான். ஆனால் தசைகளுக்கு நடுவில், கட்டுப்போட்ட இடத்துக்குச் சற்று மேலே, அரிசியில் பாதி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. "இது ஆபரேஷனோட மிச்ச வீக்கமாவும் இருக்கலாம், வேறயாவும் இருக்கலாம். இப்ப ஒண்ணும் செய்ய வேண்டாம். கசிவு வந்தா மட்டும் வாங்க" என்றார்.

அதற்கப்புறம் எட்டு மாதம் ஆகிறது. கசிவு இல்லை. இரண்டு ஸ்கேன் சிடியையும் அந்த டிஸ்சார்ஜ் சம்மரியோடு சேர்த்து பீரோவில் வைத்திருக்கிறேன், ஒரு காப்பி ஹார்ட் டிஸ்கில். பிலிமை விட சிடியைக் கேட்டு வாங்குங்கள். அடுத்து பார்க்கிற டாக்டர் தனக்கு வேண்டிய கோணத்தில் தானே நகர்த்திப் பார்த்துக்கொள்வார்.